ஏழு கோட்டுப் பிழை

1988 அக்டோபர் 24, திங்கட்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். அடிபம்பில் எட்டுக் குடம் தண்ணீர் அடித்தேன். ஆறரைக்கு மூன்று இட்லி. அண்ணனூரில் ஏழு பன்னிரண்டு மின்சார ரயில் ஐந்து நிமிடம் தாமதம். பட்டரவாக்கத்தில் இறங்கி அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் நடந்தேன். வானம் மூடியிருந்தது, மழை இல்லை. ஏழு ஐம்பதுக்குக் கார்டு அடித்தேன். எட்டு மணிக்குச் சங்கு.

அந்த நாளின் குறிப்பு இப்படித்தான் தொடங்குகிறது. என் நாட்குறிப்பில் ஒரு நாளுக்கு அரைப் பக்கத்துக்கு மேல் போவது வழக்கமில்லை. அந்த ஒரு நாளுக்கு மட்டும் நான்கு பக்கங்கள், அதுவும் என் கையெழுத்தா என்று எனக்கே சந்தேகம் வரும் அளவுக்குக் கோணல்மாணலாக.

பெரிய தொழிற்சாலைகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்து தரும் ஒரு சிறிய கம்பெனியில் அப்போது நான் தரப் பரிசோதகன். எனக்கு வயது முப்பத்தொன்பது. கூடத்தின் ஒரு மூலையில் கண்ணாடி வைத்து அடைத்த அறை, ஒரு மேசை, இரண்டு மின்விசிறிகள். மேசைமேல் டயல் பொருத்திய ஒரு ஸ்டாண்டு; வைக்கும் பொருளின் நடுப்பகுதி அடியில் எதிலும் படாதபடி அதன் அடித்தட்டில் ஒரு பள்ளம். அன்றைய முக்கியமான வேலை எஃகு பின்கள். கட்டைவிரல் பருமன், ஒரு சாண் நீளம். அவற்றைக் கிரைண்டிங் மிஷினில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவார்கள். பருமன் சரியாக இருக்கிறதா என்று நான் பார்ப்பேன்.

பார்க்கும் முறை எளிது. சரியான பருமனில் செய்து வாங்கிய ஓர் எஃகு உருளை உண்டு, மாஸ்டர் என்போம். அதை டயலின் நுனிக்கு அடியில் வைத்து முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும். பிறகு மாஸ்டரை எடுத்துவிட்டுப் பின்னை வைத்தால், அது எத்தனை கோடு கூட, எத்தனை கோடு குறைவு என்று முள் காட்டும். ஒரு கோடு என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பூஜ்யத்துக்குக் கீழே பத்துக் கோட்டுக்குள் நின்றால் பின் நல்லது. பூஜ்யத்துக்கு மேலே போனால் பருமன் அதிகம். மறுபடி தேய்த்துச் சரி செய்துவிடலாம். பத்துக்கும் கீழே போனால் மெலிவு. தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாதே, அது குப்பைதான். அதன் முனையில் சிவப்பு பெயிண்ட் தொட்டுத் தனிப் பெட்டியில் போடுவேன்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வெள்ளிக்கிழமைதான் கம்பெனி திறந்தது. வெள்ளியும் சனிக்கிழமை முற்பகலும் சேர்த்து அந்தச் சிவப்புப் பெட்டியில் ஐம்பத்தெட்டுப் பின்கள் விழுந்திருந்தன. அதற்கு முன்பு ஒரு மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ விழும். எல்லாம் ஒரே மிஷின், ஒரே ஆள்.

அவர் பூந்தமல்லிக்காரர். தினம் சைக்கிளில் வருவார். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் பாய். பாடியில் அவர் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த இடம் மூடிவிட்டதால் எங்களிடம் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தார். ஆறு மாதத் தவணை அந்த வாரத்தோடு முடிகிறது. நிரந்தரமா, இல்லையா என்று மேனேஜர் முடிவு செய்ய வேண்டும். சனிக்கிழமை மாலை நான் எழுதிக் கொடுத்திருந்த அறிக்கையின் கடைசி வரி: "காரணம், மிஷின் இயக்குபவரின் கவனக்குறைவு." கீழே என் கையெழுத்து.

எட்டேகாலுக்கு ஃபோர்மேன் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இன்னா இன்ஸ்பெக்டரே, பாயோட பேப்பர் நாளைக்குப் பத்து மணிக்கு மேனேஜர் டேபிளுக்குப் போவுது. பெர்மனெண்ட்டா, கேட்டுக்கு வெளியவான்னு உங்க ரிப்போர்ட்டு மேலதான் நிக்குது. நீங்க எழுதுனது எழுதுனதுதானா?"

"எழுதினது எழுதினதுதான்."

"நல்ல வேலைக்காரன்யா அவன். பூஜை போட்டு மறுநாளே மிஷின் இப்டி பேஜார் பண்ணுதுன்னா இன்னாத்த சொல்றது?" தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

பத்து மணிக்குப் பாய் ஒரு தட்டில் பன்னிரண்டு பின்களுடன் வந்து ஜன்னலோரம் நின்றார். நான் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். கீழே பதினொன்று, பதின்மூன்று, பன்னிரண்டு, பதினான்கு. பன்னிரண்டில் பத்துப் பின்கள் மெலிவு.

"மறுபடியுமா சார்? சனிக்கிழமை மத்தியானம் ஓட்டினதெல்லாம் ஓகே சொன்னீங்களே."

"அது சரியா இருந்துது. இன்னிக்கு மறுபடி என்ன பண்ணீங்க?"

"காலைல சாணை வீலைச் சீவி டிரெஸ் பண்ணேன். என் மைக்ரோமீட்டரை வெச்சு செட் பண்ணேன். என்னுதுல கரெக்டா கீது சார்."

"உங்க மைக்ரோமீட்டர் நூத்துல ஒரு பங்குதான் காட்டும் பாய். இங்க ஆயிரத்துல ஒரு பங்கு பேசறோம்."

"கோவிச்சுக்காதீங்க சார். நீங்க கண்ணாடி ரூம்ல ஒக்காந்துகினு முள்ளைப் பாக்கறீங்க. நான் இரும்பைப் பாக்கறேன்."

"முள் பொய் சொல்லாது."

"அப்ப நான் சொல்றேனா?"

எனக்குச் சுருக்கென்றது. சிவப்பு பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நேத்து பாடிக்குப் போயிருந்தேன் சார். அங்க ஒரு பட்டறைல நாள் கூலிக்கு ஆள் எடுப்பீங்களான்னு கேட்டுட்டு வந்தேன். பன்னெண்டு வருஷம் மிஷின்ல நின்னவன், பட்டறை வாசல்ல போய் நின்னேன்."

காலித் தட்டை எடுத்துக்கொண்டு போனார். நான் பத்துப் பின்களுக்கும் சிவப்பு வைத்தேன்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டு, அளவுப் பதிவேட்டையும் திறந்தேன். அவர் கேட்டது மனதைவிட்டுப் போகவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு பத்திகள் போட்டு, விடுமுறைக்கு முந்தைய அளவுகளை இடப்பக்கமும், பிந்தையவற்றில் சிவப்பு விழுந்த வேளைகளை மட்டும் வலப்பக்கமும் எழுதினேன். நான் தேடியது அவருடைய கவனக்குறைவை; அதை எண்களில் காட்டிவிட்டால் என் மனம் அமைதியாகிவிடும் என்று நினைத்தேன்.

இடப்பக்கம்: கீழே இரண்டு முதல் எட்டு வரை, பெரும்பாலும் ஐந்தைச் சுற்றி. வலப்பக்கம்: வெள்ளிக்கிழமை முதலில் வந்த இரண்டை விட்டால், கீழே ஒன்பது முதல் பதினைந்து வரை, பெரும்பாலும் பன்னிரண்டைச் சுற்றி.

எலுமிச்சைச் சாதத்தில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

கவனமில்லாதவன் கை இங்கும் போகும், அங்கும் போகும். ஒரு பின் பருமனாகும், அடுத்தது மெலியும். இங்கே எதுவும் சிதறவே இல்லை. விடுமுறைக்கு முன்பு எவ்வளவு நெருக்கமாக நின்றனவோ, பின்பும் அவ்வளவே நெருக்கமாக நிற்கின்றன. மொத்தக் கூட்டமும் வரிசை கலையாமல் ஏழு கோடு நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. தவறு செய்கிறவன் இவ்வளவு ஒழுங்காகச் செய்ய மாட்டான்!

கையைக் கழுவிவிட்டு வந்து காரணங்களை எழுதினேன். ஒன்று, பின் சூடாக இருக்கும்போது அளந்திருக்கலாம். ஆனால் சூட்டில் இரும்பு பருக்குமே தவிர மெலியாது. அடித்தேன். இரண்டு, கிரைண்டிங் வீல் தேய்ந்திருக்கலாம். வீல் தேய்ந்தால் பின் பருமனாகத்தான் வரும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. அடித்தேன். மூன்று, மிஷினில் தளர்வு. தளர்ந்தால் அளவுகள் சிதறியிருக்க வேண்டும். அதையும் அடித்தேன். நான்காவதாக எழுத ஒன்றுதான் மிச்சம் இருந்தது. எழுதப் பேனா வரவில்லை. அந்த அறைக்குள் பதினொரு வருடமாக நான் சந்தேகப்படாத ஒரே பொருள் என் மேசை.

அப்போது அந்தத் தாள் பறக்காமலிருக்க அதன்மேல் நான் வைத்திருந்த பொருளைப் பார்த்தேன். அதுவும் ஒரு பின்தான். செப்டம்பரில் இந்தப் பின் வேலை தொடங்கியபோது பாய் செய்த முதல் நல்ல பின்னை நினைவாக எடுத்து வைத்திருந்தேன். அதன் நடுவில் சுற்றி ஒட்டிய காகிதத் துண்டில் என் கையெழுத்தில் தேதியும் அளவும்: கீழே ஐந்து.

காகிதத்தை நகத்தால் உரித்தேன். துடைத்தேன். விசிறியை நிறுத்திவிட்டு டயலுக்கு அடியில் வைத்தேன்.

கீழே பன்னிரண்டு.

எடுத்து மறுபடி வைத்தேன். கீழே பன்னிரண்டு. ஒரு மாதமாக என் மேசையைவிட்டு நகராமல் காகிதத்தின் மேல் படுத்துக் கிடந்த பின் ஏழு கோடு மெலிந்துவிட்டது! பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சின்ன வயதில் கணக்கின் விடை புத்தகத்தின் கடைசிப் பக்க விடையோடு பொருந்தும்போது ஒரு துள்ளல் வருமே, அதுதான் வந்தது. அன்று என் விடை தப்பு என்பது தெரிந்தபோதும் அதே துள்ளல்.

மாஸ்டரை எடுத்தேன். அதன் வட்ட முகத்தில் அளவு எண் பொறித்திருக்கும். அந்த எண் நேராகத் தெரியும்படி வைப்பது என் பழக்கம். ஒரு நாளும் தலைகீழாகவோ சாய்வாகவோ வைத்ததில்லை. அப்படியே வைத்துப் பூஜ்யத்தில் நிறுத்தினேன். பிறகு முதல் முறையாக அந்த உருளையைக் கால் சுற்று திருப்பினேன்.

முள் சரசரவென்று ஏழு கோடு இறங்கியது.

இன்னொரு கால் சுற்று. அதே ஏழில் நின்றது. இன்னொன்று. அதே ஏழு. எண் மறுபடி நேராக வந்ததும் முள் ஏறிப் பூஜ்யத்தில் உட்கார்ந்தது. எஃகில் அந்த ஒரே இடத்தில் மட்டும் ஏதோ மேடு. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளைத் துணியில் பெட்ரோல் தொட்டு அந்த இடத்தை அழுத்தித் தேய்த்தேன். துணியில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு மங்கலான மஞ்சள். பெட்ரோல் ஆவியானதும் துணியை மூக்கருகே கொண்டுபோனேன்.

சந்தன வாசனை.

பூஜை போட்ட செவ்வாய்க்கிழமை மாலை கண்முன்னே வந்து நின்றது. மிஷின்களையெல்லாம் கழுவித் துடைத்து மாலை போட்டோம். என் அறைக்கு நானே சந்தனம் குழைத்துக்கொண்டு போனேன். வருடா வருடம் மாஸ்டர் பெட்டிகளின் மூடிமேல்தான் பொட்டு வைப்பேன். ஆனால் இந்த மாஸ்டர் அந்த வருடம் புதிதாக வாங்கியது. புதுப் பொருளுக்கு மூடிமேல் வைத்தால் போதுமா என்று தோன்றியது. பெட்டியைத் திறந்து, எண் நேராக இருக்கும்படி கிடந்த உருளையின் உச்சியில், சரியாக நடுவில், சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்தேன். இரண்டு நாள் விடுமுறையில் அது நன்றாகக் காய்ந்தது. வெள்ளிக்கிழமை காலை எண்ணெய்த் துணியால் துடைத்தேன். புதுசில் கீறல் விழக் கூடாதே என்று மென்மையாகத்தான். குங்குமம் போய்விட்டது. சந்தனம் ஒரு தோலாக நின்றுவிட்டது. என்னைவிட ஒழுங்கு குறைந்த ஒருவன் அந்த உருளையை இஷ்டத்துக்கு உருட்டி வைத்திருப்பான், முதல் நாளே பிழை வெளிப்பட்டிருக்கும். நான் தினமும் அதே இடத்தை டயலுக்குக் கொடுத்தேன்.

துணியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அந்தக் கூடத்தில் நான் ஓடி யாரும் பார்த்ததில்லை. லேத்தில் நின்றவர்கள் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்து மிஷினை நிறுத்தினார்கள். பாய் ஒரு கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் மூச்சிரைக்கத் துணியை நீட்டினேன்.

"மோந்து பாருங்க பாய்!"

ஒரு நிமிடம் என் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு முகர்ந்தார். "இன்னா சார் இது, கோயில் வாசனை வருது?"

சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். அதற்குள் ஃபோர்மேனும் வந்து பக்கத்தில் நின்றார். பாய் முழுவதும் கேட்டார். டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"என் மிஷினுக்கும்தான் சந்தனம் வெச்சீங்க. வெள்ளிக்கிழமை காலைல நான் அதைச் சொரண்டி எடுத்துட்டுத்தான் சார் சுவிச்சே போட்டேன். உங்க மிஷின்ல நீங்க வெச்சதை நீங்க தொடைக்கல!"

ஃபோர்மேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். பாய் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடித் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது. என் துள்ளல் அங்கேதான் அடங்கியது.

மூன்று மணிவரை சிவப்புப் பெட்டியிலிருந்த எல்லாப் பின்களையும் மறுபடி அளந்தேன். இந்த முறை அவரை உள்ளே கூப்பிட்டு என் நாற்காலியில் உட்கார வைத்து, அவர் கையாலேயே வைக்கச் சொன்னேன். சனிக்கிழமை வரை ஐம்பத்தெட்டு, அன்று பத்து. அறுபத்தெட்டில் அறுபத்தாறு நல்லவை. இரண்டு உண்மையிலேயே மெலிவு.

"அந்த ரெண்டு என்னுதுதான் சார்," என்றார். "வெள்ளிக்கிழமை காலைல மொத மொதல்ல ஓட்டினது. செவப்பு இருக்கட்டும்."

ஃபோர்மேன் என்னைத் தனியாக ஓரம் கட்டினார். "சும்மா 'மறுபடி அளந்ததில் சரி'ன்னு ஒரு வரி எழுதிட்டு விட்ருங்க. பூஜை சந்தனம், பொட்டுன்னு எழுதி வெச்சா கம்பெனியே சிரிப்பா சிரிச்சுப்புடும். உங்களுக்குத்தான் அசிங்கம்."

"அப்படி எழுதினா அவர் முதல்ல தப்புப் பண்ணி, நான் கருணை காட்டின மாதிரி ஆயிடும்."

நாலு மணிக்கு மேனேஜரிடம் நேரில் கொடுத்தேன். சனிக்கிழமை அறிக்கையின் கடைசி வரியை அடித்துவிட்டு, "காரணம், பரிசோதகர் மாஸ்டரின் அளவிடும் பரப்பில் சந்தனம் வைத்துச் சரியாகத் துடைக்காதது" என்று எழுதியிருந்தேன். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கி இரண்டு தடவை படித்தார்.

"யார் பண்ணின தப்பு இது?"

"நான் பண்ணினது சார்."

"கண்டுபிடிச்சது?"

"அதுவும் நான்தான் சார்."

உதட்டைக் கடித்துக்கொண்டார், சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. "சரி, நாளைக்குப் பத்து மணிக்கு அவர் பேப்பரைப் பார்க்கறேன். இதோட முடிஞ்சுதா? வேற ஏதும் பாக்கி இல்லையே?"

"இல்லை சார்," என்றேன், உறுதியாக.

வீட்டுக்கு வந்து ஆறே முக்காலுக்கு நாட்குறிப்பை எடுத்தேன். அன்று கண்டதையெல்லாம் வரிசையாக எழுதினேன். மனைவி இரண்டு தடவை காபி ஆறுகிறது என்றாள். மூன்றாம் பக்கத்தில், ஒழுங்குக்காக, மூன்று நாட்களின் அளவுகளையும் பதிவுசெய்தேன். வெள்ளி, சனி முற்பகல், சனி பிற்பகல். சனி பிற்பகல் என்று எழுதியதும் பேனா நின்றது.

சனி பிற்பகல் நாற்பத்திரண்டு பின்கள், ஒன்றுகூடச் சிவப்பில்லை. நான் மெலிவு, மெலிவு என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் மத்தியானம் பாய் பின் எட்டுக் கோடு பருமனாக வரும்படி மிஷினை ஏற்றி வைத்து ஓட்டினார். நானும் "இப்போது திருந்திவிட்டார்" என்று எல்லாவற்றையும் நல்லது என்று விட்டேன். மாஸ்டர் ஏழு கோடு பொய் சொன்னது என்றால், நான் ஒதுக்கியவை நல்லவை என்பது பாதி உண்மைதான். நான் நல்லவை என்று விட்ட அந்த நாற்பத்திரண்டும் பருமன் அதிகம்!

"ஐயோ, பெட்டி!" என்று கத்திவிட்டேன். அவை எண்ணெய் தடவி, காகிதம் சுற்றி, மரப் பெட்டியில் ஆணி அடித்துக் கிடந்தன. மறுநாள் எட்டரைக்கு லாரி ஏற வேண்டியவை.

"என்ன பெட்டி?" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

"காலைல நாலரைக்கு எழுப்பு," என்றேன்.

மறுநாள் பத்து இருபதுக்கு மேனேஜர் கையெழுத்திட்டார் என்பது செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் ஒரே வரிதான். அதன்பிறகு நான் அந்தக் கம்பெனியில் இருந்த எட்டு வருடமும் பாய் அந்த மிஷினில்தான் நின்றார். ஆனால் அன்று காலை முதலில் நடந்தது இது.

ஆறு இருபது ரயிலைப் பிடித்து, ஆறு ஐம்பதுக்குக் கம்பெனி வாசலை அடைந்தேன். கேட்டில் சாய்த்து வைத்த சைக்கிள் பக்கத்தில் பாய் நின்றிருந்தார். கேரியரில் ஆணி பிடுங்கும் கம்பி.

"நேத்து வீட்டுக்குப் போகச்சொல்ல, அயப்பாக்கம் தாண்டி பிரேக் போட்டுட்டேன் சார்," என்றார். "அந்த நாப்பத்திரெண்டு…"

"தெரியும். லாரி எட்டரைக்குத்தான்."

வாட்ச்மேன் திறந்துவிட்டார். நான் முதலில் மாஸ்டரைப் பெட்ரோலில் கழுவி, டயலுக்கு அடியில் வைத்து ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தேன். முள் அசையவில்லை. அதற்குள் அவர் மூடியின் நான்கு ஆணிகளையும் பிடுங்கி, முதல் பின்னை எண்ணெய் துடைத்துக் கொண்டுவந்தார். வைத்தேன். பூஜ்யத்துக்கு மேலே மூன்று. இரண்டாவது மேலே நான்கு.

"அப்பாடா, தேய்ச்சுடலாம்," என்று சொல்லிவிட்டு அவர் மிஷினைப் போடப் போனார். நான் அடுத்த பின்னைத் துடைத்தேன்.